கறுக்காத ஸ்டிக்கர்

மோட்டார் கொட்டகை வாசலில் காலிப் பைகளை உதறி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் மணிமொழி அதைக் கவனித்தாள். ஒவ்வொரு பையின் மூலையிலும் ஒட்டியிருந்த சின்ன வட்ட ஸ்டிக்கர் கறுத்துப்போயிருந்தது. ஒரே ஒரு பையில் மட்டும் அது மஞ்சளாகவே இருந்தது.

வெயிலில் கண் கூசுகிறதோ என்று பையை நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மஞ்சள்தான்.

கதிர்வீச்சு பட்டால் அந்த ஸ்டிக்கர் கறுக்கும், படாவிட்டால் நிறம் மாறாது. அதற்காகத்தான் அதை ஒட்டி அனுப்புகிறார்கள். பையைப் பிரிக்கும் முன் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். ஆனால் பைகள் ஐஸ் பெட்டியில் வந்த அன்று ஜெயங்கொண்டத்துக்கு பஸ் தாமதமாக வந்தது. ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது. உள்ளே கூட்டுப்புழுக்கள் சூடேறிக் கிடந்தன. இன்னும் கொஞ்ச நேரம் போனால் எல்லாம் செத்துவிடும் என்ற பதற்றத்தில் அவள் பைகளை மளமளவென்று கத்தரித்து வலைக்கூண்டுகளில் கொட்டினாள். கொட்டியவை ஈக்களாகி வெளிவந்தன. சர்க்கரைத் தண்ணீர் குடித்துத் தெம்பாயின. நேற்றுக் காலை தோப்பு முழுக்க அவற்றைத் திறந்துவிட்டாகிவிட்டது.

அந்த மஞ்சள் ஸ்டிக்கர் பையில் வந்தவையும் சேர்த்துத்தான்.

ஆண்டிமடத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தத் தோப்பு காசிநாதனுடையது. பெரும்பாலும் கொய்யா, வாய்க்கால் ஓரமாகச் சாத்துக்குடி. பழ ஈயால் வருஷா வருஷம் அடிபட்டுக்கொண்டிருந்த தோப்பு. காய் பழுக்கத் தொடங்கும் சமயத்தில் பெண் ஈ வந்து தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போகும். வெளியே ஊசிமுனை அளவு ஒரு புள்ளிதான் தெரியும். அறுத்துப் பார்த்தால் வெள்ளைப் புழு நெளியும்.

பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த மணிமொழி, அந்த ஈயை ஈயைக் கொண்டே அடக்கும் வேலையாகத்தான் இங்கே வந்திருந்தாள். வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் ஈக்களை வளர்த்து, கூட்டுப்புழுவாக இருக்கும்போதே கதிர்வீச்சு கொடுத்து மலடாக்கி அனுப்புவார்கள். அவற்றைத் தோப்பில் விட்டால் காட்டு ஈக்களோடு கூடும். அப்படிக் கூடிய பெண் ஈ வைக்கும் முட்டை பொரியாது. விடவிட ஈ குறையும். அதுவரை யாரும் மருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் விட்ட ஈயும் சேர்ந்து செத்துப்போகும்.

மருந்து அடிக்காதீர்கள் என்று காசிநாதனையும் அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களையும் சம்மதிக்க வைக்க அவளுக்கு ஒரு கோடைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. பக்கத்துத் தோப்புக்காரரான தர்மன் கடைசிவரை முறைத்துக்கொண்டேதான் இருந்தார். "ஊர்ல இருக்குற ஈ பத்தாதுன்னு பெட்டியில வேற கொண்டாந்து விடுதாம் இந்தப் பொண்ணு" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். காசிநாதன்தான், "எனக்காக இந்த ஒரு பருவம் பொறுத்துக்க மாமா. ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையக் கேளு" என்று அவர் வாயை அடைத்தார்.

ஏதாவது ஆகிவிட்டதோ?

மணிமொழி பையை மறுபடி திருப்பிப் பார்த்தாள். ஆய்வுக்கூடத்தார் அனுப்பும் பையில் ஆணையும் பெண்ணையும் பிரிப்பதில்லை. கதிர் படாமல் வந்திருந்தால், காய் திரண்டுவரும் இந்த நேரத்தில், முட்டை வைக்கக்கூடிய ஆயிரக்கணக்கான ஈக்களைத் தன் கையாலேயே கொண்டுவந்து விட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

பேராசிரியர் ஜெயசீலனுக்கு போன் செய்தாள். அவர்தான் அவளுடைய வழிகாட்டி. முழுக்கக் கேட்டுவிட்டு, "லேப்ல விசாரிச்சிட்டுக் கூப்புடுறேன்" என்று வைத்தார். அவர் திரும்பக் கூப்பிடும்வரை அவள் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

"கேட்டுட்டேம்மா. எல்லாப் பையும் ஒரே தட்டுலதான் கதிர்வீச்சு மெஷினுக்குள்ள போச்சாம். ஸ்டிக்கர் பழசாயிருந்தா சில சமயம் மாறாதாம். பயப்பட வேணான்னாங்க."

"உறுதியாச் சொன்னாங்களா சார்?"

"உறுதியா எப்பிடிச் சொல்லுவாங்க? நீ மாதிரி எடுத்து வச்சிருக்கல்ல?"

எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு பிடி எடுத்துத் தனித்தனிச் சின்னக் கூண்டில் வைப்பது வழக்கம். அவை வளர்ந்து முட்டை வைத்ததும், அந்த முட்டை பொரிகிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

"அப்பொறம் என்னா? முட்டை வரட்டும். பாத்துட்டுப் பேசிக்கலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லாத. சொன்னா அடுத்த நிமிஷம் ஸ்ப்ரேயரத் தூக்கிட்டு வந்துருவாங்க. ரெண்டு வருஷ வேல போயிரும் மணிமொழி."

"சார், கூண்டுல இருக்குற ஈ முட்டை வைக்கிற அன்னைக்குத்தான் தோப்புல இருக்குறதும் வைக்கும். நமக்குத் தெரியவர்றப்ப அங்க காய்க்குள்ள போயிருக்கும்."

"தெரியும்." அவர் குரல் தணிந்தது. "எனக்கும் தெரியும்மா. ஆனா பொய்யான பயத்துக்காக எல்லாத்தையும் கெடுத்துக்க முடியாது."

ஈ முதிர இன்னும் ஒரு வாரம் போல இருந்தது.

அந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டிமடம் கடைத்தெருவில் மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மாதிரிக் கூண்டுகளும் அங்கேதான் இருந்தன. எழுந்ததும் சந்தேகக் கூண்டின் முன் குனிந்து நிற்பாள். ஈக்கள் கண்ணாடி இறக்கையைத் தேய்த்துக்கொண்டு, எப்போதும் போல வலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மலடா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அடையாளத்துக்காகப் பூசிய ரோஸ் நிறப் பொடி அவற்றின் தலையில் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

தோப்புக்குப் போனால் அதைவிட மோசம். ஒரு முற்பகல், கைக்கெட்டும் உயரத்தில் தொங்கிய கொய்யாக்காயில் ரோஸ் தலையோடு ஒரு பெண் ஈ உட்கார்ந்திருந்தது. அங்குமிங்கும் நடந்தது. நின்றது. பின்பக்கத்தை வளைத்துத் தோலில் வைத்துப் பார்த்தது. மணிமொழி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலட்டு ஈயும் இப்படிக் குத்திப் பார்க்கும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கையை ஓங்கி விரட்டினாள். அது பறந்து பக்கத்துக் காயில் போய் உட்கார்ந்தது.

"யாரோட மல்லுக்கு நிக்கிற?" பின்னால் காசிநாதனின் மனைவி வளர்மதி தூக்குவாளியோடு நின்றாள். "டீ கொண்டாந்தேன். வா. என்னா, மொகமே செத்துக் கெடக்கு? ஒடம்பு சொகமில்லியா?"

"ஒன்னுமில்லக்கா. வெயிலு."

வளர்மதி டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டே மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "இந்த வருஷம் காய் நல்லாத் தெரண்டுருக்கு பாரேன். அவுரு தெனமும் வந்து தடவிப் பாத்துட்டுப் போறாரு. மருந்து வாட இல்லாம தோப்புக்குள்ள நடக்குறதே ஒரு சொகமாத்தான் இருக்கு."

மணிமொழி டம்ளரைக் கீழே வைத்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "அக்கா" என்று மட்டும் வந்தது. வளர்மதி திரும்பிப் பார்த்தாள். "நாளைக்கு வரமாட்டேன், ரூமுல வேல இருக்கு" என்று எதையோ சொல்லி வைத்தாள்.

அன்று சாயங்காலம் ரெட்டிபாளையத்தில் இருக்கும் அம்மா பொன்னாயிக்கு போன் செய்தாள். பொன்னாயி இளவயதில் இதே ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காடுகளில் கூலிக்குக் கொட்டை பொறுக்கியவள். இங்குள்ள தோப்புக்காரர்களின் குரலை நன்றாக அறிந்தவள்.

"வாயத் தொறக்காத" என்றாள் பொன்னாயி, கேட்ட உடனே. "ஓஞ் சாரு சொல்லிட்டாருல்ல? நாளைக்கு ஒன்னுன்னா அவுருமேல போவட்டும். நீயாப் போயிச் சொன்னா ஒந்தலையிலதான் விடியும். அந்தப் பொண்ணு, அந்த ஊட்டுப் பொண்ணுன்னு ஆரம்பிப்பாங்க. எனக்குத் தெரியாதா?"

"சொல்லாம இருந்து புழு விழுந்துட்டா?"

"விழாது. சாமியக் கும்புட்டுக்க."

அம்மாவின் குரலில் இருந்த பயம் அவளுக்குள்ளும் இறங்கியது. ஆனால் படுத்துக்கொண்டு யோசிக்க யோசிக்க வேறொன்று தெளிவாகத் தெரிந்தது. பொரியாவிட்டால் அவள் தப்பித்தாள். பொரிந்தால், தெரிந்தே ஒரு வாரம் அவர்கள் முகத்தைப் பார்த்து டீ குடித்தவள் ஆவாள். அதை எந்தச் சாரும் தன் தலையில் ஏற்றுக்கொள்ள முடியாது.

மறுநாள் காலையில் மஞ்சள் ஸ்டிக்கர் பையை மடித்து எடுத்துக்கொண்டு காசிநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, ஒன்னு சொல்லணும். அக்காவும் இருக்கட்டும்."

வளர்மதி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள். மணிமொழி பையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டிக்கர் எதற்கு என்பது, பெட்டி வந்த அன்று பார்க்காமல் விட்டது, இன்னும் சில நாளில் ஈ முட்டை வைக்கத் தொடங்கும் என்பது.

காசிநாதன் தவிட்டில் இருந்து கையை எடுக்கவில்லை. "அப்ப மலடு இல்லியா அது?"

"தெரியலண்ணே. மலடாவும் இருக்கலாம். ஸ்டிக்கர்லயே கோளாறா இருக்கலாம்."

"தெரியலன்னா என்னா அர்த்தம்? விட்டவ நீதான?"

"ஆமாண்ணே."

"எல்லாரு வாயையும் அடச்சு வச்சிருக்கேன் ஒனக்காக. தர்மன் மாமாவுக்கு நான் என்னா பதிலு சொல்லுவேன்?" அவர் எழுந்தார். கையில் தவிடு ஒட்டியிருந்தது. அதைத் தட்டிக்கூட விடாமல் தெருவரை நடந்து திரும்பி வந்தார். "இன்னைக்கே மருந்து அடிச்சிர வேண்டியதுதான்."

"அடிங்கண்ணே. ஒங்க தோப்பு, நான் தடுக்கல. ஆனா பறிப்பு கிட்டத்துல இருக்கு, இப்ப அடிச்சா பழத்துலயே மருந்து நிக்கும். நான் ஒன்னு கேக்குறேன். பருவத்துக்கு வந்த காயை இன்னைக்கே பறிச்சிரலாம். மிச்சக் காய்க்கு உறை போட்டுறலாம். காய் வெளியில தெரியலன்னா ஈயால குத்த முடியாது."

"அத்தன காய்க்குமா?" என்றார் காசிநாதன்.

வளர்மதி அந்தப் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்தே எங்கிட்ட சொல்ல வந்த. சொல்லாம வுட்டுட்ட. இல்ல?"

மணிமொழி தலையாட்டினாள்.

"எங்க மகளிர் குழுப் பொம்பளைங்களக் கூப்புடுறேன்" என்றாள் வளர்மதி கணவனைப் பார்த்து. "உறை போட்டுப் பாப்பம். மருந்து எங்கயும் ஓடிப் போயிறாது."

ஆனால் செய்தி அவர்களுக்கு முன்னால் ஓடியது. தர்மன் தோப்பில் மத்தியானமே பவர் ஸ்ப்ரேயர் சத்தம் கேட்டது. மணிமொழி அங்கே போய் நின்றபோது அவர் இயந்திரத்தை நிறுத்தக்கூட இல்லை. "தள்ளிப் போம்மா, மேல படும்" என்று மட்டும் கத்தினார். காற்று அங்கிருந்து காசிநாதன் தோப்புப் பக்கம்தான் அடித்தது. அடுத்தடுத்த தோப்புகளிலும் அன்றும் மறுநாளும் அடித்தார்கள்.

காசிநாதன் தோப்பில் பெண்கள் பழைய செய்தித்தாளை மடித்து, காய் காயாக உறை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டார்கள். மணிமொழி ஏணியில் நின்று உச்சிக் கிளைகளைப் பார்த்துக்கொண்டாள். இறங்கியபோது தரையில் ரோஸ் தலையோடு ஈக்கள் செத்துக் கிடந்தன. சில இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தன. ஈ பிடிக்க மரங்களில் தொங்கவிட்டிருந்த பொறிகளைத் திறந்து பார்த்தாள். உயிரோடு ஒன்றுகூட இல்லை. இந்தப் பருவத்தின் சோதனை அதோடு முடிந்துவிட்டது.

ஜெயசீலனுக்குச் சொன்னபோது அவர் கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "நான் சொன்னதக் கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு, "சரி, கூண்டுல இருக்கறதையாவது ஒழுங்காப் பாரு" என்று வைத்துவிட்டார்.

சந்தேகக் கூண்டின் ஈக்கள் முதிர்ந்தன. முட்டை வைக்க வாழைப்பழத் துண்டை மெல்லிய துணியில் சுற்றி உள்ளே தொங்கவிட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க, தோப்பில் பொறுக்கிய புழுக்கொய்யாவிலிருந்து வளர்த்த காட்டு ஈக்களின் கூண்டும் பக்கத்தில் இருந்தது. இரண்டிலும் முட்டை விழுந்தது. அரிசி நொய்யைவிடச் சின்னதாக, வெள்ளையாக, லேசாக வளைந்த முட்டைகள். ஈரக் காகிதத்தில் பரப்பி இரண்டு தட்டுகளில் வைத்தாள்.

மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது எதுவும் அசையவில்லை. அதற்கடுத்த காலை காட்டு ஈத் தட்டில் முட்டைகள் கிழிந்து, புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. கையை எடுத்துவிட்டாள். அடுத்த தட்டை நகர்த்தப் பயமாக இருந்தது. ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். கீழே பலாப்பழ வண்டிக்காரர் யாரோடோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து தட்டை நகர்த்தினாள்.

ஓரத்தில் ஒன்று அசைந்தது போலிருந்தது. ஊசியால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். காகிதத்தின் நார். முட்டை அப்படியேதான் இருந்தது. வரிசை வரிசையாகப் பார்த்தாள். மத்தியானமும் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் முட்டைகள் பழுப்பேறிச் சுருங்கத் தொடங்கின. மறுநாளும் ஒன்றுகூடப் பொரியவில்லை.

ஈக்கள் மலடுதான். ஸ்டிக்கர்தான் கோளாறு.

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். முதலில் உடம்பெல்லாம் லேசானது. அப்புறம் அழுகை வந்தது. புழு இல்லை என்ற நிம்மதியா, வேலை வீணாய்ப் போன ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் தோப்பும் தப்பித்திருக்கும், சோதனையும் தப்பித்திருக்கும். ஜெயசீலனும் போனில் அதைத்தான் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா பொரிஞ்சிருந்தா நான் அந்த ஊருக்குள்ள காலு வச்சிருக்க முடியாது" என்றும் சொன்னார்.

இப்போது இதையும் போய்ச் சொல்லியாக வேண்டும். அது முந்தியதைவிடக் கூச்சமாக இருந்தது.

காலையில் பால் சொசைட்டி வாசலில் எல்லோரும் கேனோடு நிற்கும் நேரம் பார்த்துப் போனாள். காசிநாதனும் தர்மனும் அங்கே இருந்தார்கள்.

"முட்டை பொரியல" என்றாள் சத்தமாக. "விட்டது மலட்டு ஈதான். பயப்பட ஒன்னுமில்ல."

தர்மன் கேனைக் கீழே வைத்தார். "அப்ப நான் அடிச்ச மருந்து?"

"தேவப்படலங்க."

வரிசையில் ஒருவர் சிரித்தார். தர்மன் சிரிக்கவில்லை. "இன்னைக்குச் சொல்ற தேவப்படலன்னு. அன்னைக்கு ஒனக்கே தெரியலியே."

"தெரியலங்க. தெரியலன்னுதான் அன்னைக்கும் சொன்னேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ கடுமையாக வரும் என்று மணிமொழி எதிர்பார்த்தாள். "தெரியலன்னு சொல்லி யாரு வந்தா இந்த ஊருக்கு" என்று யாரைப் பார்த்தும் இல்லாமல் சொல்லிவிட்டு, அவர் கேனை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தார்.

காசிநாதன் பாலை ஊற்றிவிட்டு வெளியே வந்தார். இரண்டு பேரும் தோப்புப் பக்கம் நடந்தார்கள். மருந்து வாடை இன்னும் காற்றில் இருந்தது.

"அடுத்த பருவம் திரும்ப விடணும்ண்ணே" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒங்க தோப்புல விட முடியலன்னா பரவால்ல. மீன்சுருட்டிப் பக்கம் கேட்டுப் பாக்குறேன்."

"யோசிக்கணும்" என்றார் காசிநாதன். "வளர்மதியும் சொல்லணும். இப்ப எதுவும் கேக்காத."

"சரிண்ணே."

தோப்பு வரப்பு வந்ததும் அவர் நின்றார். "உறை போட்டதுல வாய்க்கா ஓரத்துல ரெண்டு மூனு காயி வெடிச்சிருக்கு. சூடா, வேற எதாச்சுமான்னு எனக்குப் புடிபடல. வந்து பாத்துட்டுப் போ."

மணிமொழி செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு அவர் பின்னால் இறங்கினாள்.